விரிந்த காலும் சுருண்ட விரலும்

எழுந்து நிற்காத கோழிக்குஞ்சைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "காலைச் சேர்த்துக் கட்டிப் போடு, சரியாயிடும்" என்பார் ஒருவர். "அது தேறாது, விட்டுடு" என்பார் இன்னொருவர். இரண்டும் குஞ்சை உற்றுப் பார்க்காமல் சொல்லும் பேச்சு. நம் வீடுகளில் கால் வராமல் போகும் குஞ்சுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு வகை. ஒன்றுக்குக் கால் விரிந்திருக்கும், மற்றதற்கு விரல் சுருண்டிருக்கும். முதல் வகைக்குக் கட்டுப் போட்டால் நான்கைந்து நாளில் ஓடும். இரண்டாம் வகைக்கு அதே கட்டைப் போட்டால் பிழைக்க வேண்டிய நாட்கள் வீணாகி, குஞ்சு பட்டினியிலேயே போய்விடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போது கூடியிருக்கிறது. சத்துவாச்சாரி போன்ற ஊர்களில் கோழி வளர்ப்பு இருக்கும் இடமே மாறிவிட்டதுதான் காரணம்.

சத்துவாச்சாரி 2011இல் வேலூர் மாநகராட்சியோடு இணைந்தது. ஒரு பக்கம் பாலாறு, மறுபக்கம் மலை, ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை, ஆட்சியர் அலுவலகம், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள். கொல்லையும் களமும் இருந்த வீடுகள் குறைந்துவிட்டன. கோழி ஆசை மட்டும் குறையவில்லை. நாட்டுக்கோழி மொட்டை மாடிக்கும் மாடிப்படியின் அடிக்கும் ஏறியிருக்கிறது. அடைக்கோழிக்குப் பதிலாகத் தெர்மாகோல் பெட்டியில் பல்பும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்திய சின்ன இன்குபேட்டர் வந்திருக்கிறது. இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தாய்க்கோழியும் தரையும் சேர்ந்து சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகள் இப்போது நம் தலையில் விழுந்திருக்கின்றன. அவற்றைச் செய்யாதபோது வருபவைதான் இந்த இரண்டு குறைகளும்.

முதலில் பார்வைக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கால் விரிந்த குஞ்சு பொரித்த அன்றோ மறுநாளோ அடையாளம் தெரிந்துவிடும். தொடையிலிருந்தே இரண்டு காலும் பக்கவாட்டில் வழுக்கி, நீந்துகிற தவளையைப் போல வயிற்றில் படுத்துக் கிடக்கும். சில குஞ்சுக்கு ஒரு கால் மட்டும் விலகியிருக்கும். ஆனால் விரல்களைப் பாருங்கள்: நேராக, விரிந்து, நகத்தோடு தரையைத் தேடிக்கொண்டிருக்கும். சத்தம் கணீரென்று இருக்கும். தீனியைக் கண்டால் கொத்தப் பார்க்கும். உயிர்த்துடிப்பில் எந்தக் குறையும் இராது.

விரல் சுருண்ட குஞ்சு பெரும்பாலும் பொரித்த அன்று நன்றாகத்தான் இருக்கும். முதல் வாரம் ஓடியாடும். இரண்டாம் வாரத்தில் வளர்ச்சி மந்தமாகி, நடக்கத் தயங்கி, கணுக்கால் மூட்டை ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்து நகரும். இறக்கையைத் துணைக்கு ஊன்றும். கால்கள் உடம்புக்குக் கீழேயே இருக்கும், பக்கவாட்டில் விலகாது. விரல்கள் மட்டும் முஷ்டி பிடித்த மாதிரி உள்நோக்கி மடங்கியிருக்கும். நாம் விரித்துவிட்டால் விரியும், விட்டதும் மறுபடி மடங்கும். பசி இருக்கும், தீனித் தட்டுவரை போகத்தான் கால் இராது.

ஆக, பிறந்து எத்தனை நாள், விரல் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

காரணத்துக்கு வருவோம். கால் விரிவது பெரும்பாலும் தரையின் குற்றம். ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சு ஈரமாக, களைத்துப் போய் இருக்கிறது. எழுந்து நிற்க முயலும் முதல் சில மணி நேரத்தில் காலடியில் பிடிமானம் வேண்டும். இன்குபேட்டரின் அடியிலோ குஞ்சுப் பெட்டியிலோ செய்தித்தாள் விரித்திருந்தால், வழவழப்பான பிளாஸ்டிக் இருந்தால், கால் வழுக்கும். எலும்பும் நாரும் இன்னும் இளசு. வழுக்கிய பக்கமே கால் நிலைத்துப்போகும். வெப்பமும் ஈரமும் தப்பினாலும் இதே கதை. முட்டைக்கு 37.5 பாகை செல்சியஸ் அளவில் 21 நாள் சூடு வேண்டும். 18ஆம் நாள் வரை திருப்பிவிட வேண்டும். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு இருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் கோடையில், பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆர்வத்தில், இந்தக் கணக்கு தவறுகிறது. குஞ்சு நேரம் பிசகி, பலவீனமாக வெளியே வருகிறது.

தாய்க்கோழியின் அடியில் இந்தக் குறை அபூர்வம். நம் பாட்டிமார் கூடையில் மணலோ உமியோ கொட்டி, அதன்மேல் வைக்கோல் பரப்பி முட்டையை அடை வைத்தார்கள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்று கரித்துண்டும் இரும்புத்துண்டும் ஓரத்தில் செருகினார்கள். கரியும் இரும்பும் இடியைத் தடுத்தனவா என்பது வேறு. வைக்கோல் செய்த வேலை மட்டும் உறுதி. குஞ்சின் விரலுக்கு அது பிடி கொடுத்தது. மேலிருந்து தாயின் உடல் பாரம் இரண்டு காலையும் விலகவிடாமல் அணைத்துப் பிடித்தது. இன்று நாம் ஒட்டும் டேப், அந்த அணைப்புக்கு மாற்று.

விரல் சுருள்வதற்குக் காரணம் தீனி. ரைபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமின் குறைந்தால் குஞ்சின் காலுக்கும் இறக்கைக்கும் போகும் பெரிய நரம்புகள் வீங்கி மென்மையாகின்றன. காலில் இருப்பது நோயுற்ற நரம்பின் விளைவு மட்டுமே. எலும்பும் மூட்டும் பழுதாகவில்லை. அதனால்தான் கட்டு இங்கே பலிப்பதில்லை. வளரும் குஞ்சின் தீனியில் கிலோவுக்கு சுமார் 3.6 மில்லிகிராம் ரைபோஃப்ளேவின் தேவை என்பது கோழித்தீனிக் கணக்கு. தீட்டிய அரிசியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கேழ்வரகிலும் கம்பிலும் அரிசியைவிடப் பல மடங்கு உண்டு என்றாலும், அவற்றாலும் தனியே அந்த அளவை எட்ட முடியாது. மாடியில் கூண்டுக்குள் நொய் மட்டும் தின்று வளரும் குஞ்சு இரண்டாம் வாரத்தில் உட்கார்ந்துவிடுவதில் வியப்பில்லை.

அரிசியும் கோழியும் என்றதும் ஒரு பழைய வரலாற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவின் பட்டேவியாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குத் தீனியாகப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அங்கே குறைந்திருந்தது பி1. நாம் பேசுவது பி2. நரம்புதான் இரண்டிலும் அடிபடுகிறது என்றாலும், பி1 குறைந்த குஞ்சின் தலை முதுகுப்பக்கம் வளைந்து வானத்தைப் பார்க்கும். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழி தள்ளாடினால் தீனித் தட்டைப் பார் என்ற பாடத்தை உலகுக்குத் தந்தவை அரிசி தின்கிற ஊர்க் கோழிகள்.

இந்த இரு குஞ்சுகளும் பிரிகிற இடம் மஞ்சள் கரு. பொரிப்பதற்குச் சற்று முன் மிச்சமிருக்கும் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதன் பலத்தில் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் குஞ்சைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான். கால் விரிந்த குஞ்சுக்கு இந்த மூன்று நாள் பெரிய வரம். நடக்காமலேயே பிழைத்திருக்கலாம்; அதற்குள் காலைத் திருத்திவிடலாம். விரல் சுருளும் குஞ்சுக்கோ குறை தொடங்குவதே அந்தக் கருவிலிருந்துதான். தாய்க்கோழிக்கே பி2 போதாமல் இருந்தால் முட்டையிலும் குறையும். பல முட்டை பொரிக்காமலே ஓட்டுக்குள் சாகும். தப்பி வரும் குஞ்சு மிகக் குறைந்த இருப்போடு வருகிறது. வெளியே வந்தும் நொய்தான் கிடைக்கிறதென்றால் அந்த இருப்பும் சில நாளில் தீர்ந்துவிடும்.

இனி கைவேலை. விரிந்த காலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்போ பிளாஸ்திரியோ போதும். அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மூட்டுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே இருக்கும் மெல்லிய காலில் ஒரு சுற்று. நடுவில் இடைவெளி விட்டு மறுகாலில் ஒரு சுற்று. இரண்டு காலுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது நல்ல குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம். நூலோ ரப்பர் பேண்டோ வேண்டாம், அது அறுத்துவிடும். கட்டிய பின் பாதத்தின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் பாரித்தாலோ வீங்கினாலோ உடனே தளர்த்த வேண்டும். குஞ்சு நாளுக்கு நாள் பெருப்பதால் தினமும் கட்டைப் பிரித்து, காலைச் சற்று நீவிவிட்டு, மறுபடி ஒட்ட வேண்டும்.

டேப் பாதி வேலைதான். மீதி வேலை தரைக்கு. பெட்டியில் கோணிச் சாக்கையோ சொரசொரப்பான துணியையோ இழுத்து விரியுங்கள். நூல் பிரிந்து விரலில் சுற்றாதபடி ஓரத்தை மடித்துவிடுங்கள். கட்டோடு குஞ்சு முதலில் குப்புற விழும், இறக்கையை அடித்துக்கொள்ளும். மனம் கேட்காமல் அவிழ்த்துவிடாதீர்கள். அரை நாளில் பழகிக்கொள்ளும். ரொம்பவும் விரிந்த குஞ்சை, கால் கீழே தொங்கி ஊன்றுகிற மாதிரி, அடியில் துணி வைத்த சிறிய டம்ளரில் நாளுக்குச் சில முறை சற்று நேரம் நிறுத்தி வைப்பதும் உதவும். தண்ணீரை ஆழமில்லாத மூடியில், கூழாங்கல் போட்டு வையுங்கள். தள்ளாடும் குஞ்சு அரை விரல் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். பொரித்த முதல் இரண்டு நாளில் தொடங்கினால் பெரும்பாலான குஞ்சுகள் இரண்டு முதல் ஐந்து நாளில் தேறுகின்றன. ஒரு வாரம் கழித்துத் தொடங்கினால் எலும்பு கெட்டிப்பட்டிருக்கும். பலன் மிகக் குறைவு.

சுருண்ட விரலுக்கு வேலை சமையலறையிலும் மருந்துக்கடையிலும். மருந்தளவு ஆச்சரியமாகச் சிறியது. ஒரு குஞ்சுக்கு நாளைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு ரைபோஃப்ளேவின், இரண்டு நாள் கொடுத்து, பிறகு சத்தான தீனிக்கு மாற்றினால் போதும் என்கிறது கால்நடை மருத்துவம். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தை, புட்டியில் எழுதிய அளவில் தண்ணீரில் கலக்கலாம். ஆனால் ரைபோஃப்ளேவின் வெளிச்சத்தில் அழியும். மாடி வெயிலில் கண்ணாடிப் புட்டியில் வைத்த மருந்துத் தண்ணீர் நடுப்பகலுக்குள் வெறும் தண்ணீராகிவிடும். நிழலில், தினமும் புதிதாகக் கலந்து வைக்க வேண்டும்.

தீனியில் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை நொறுக்கிப் போடுங்கள். ஈரலில் இந்த வைட்டமின் மிக அதிகம். கறிக்கடைக்குப் பஞ்சமில்லாத வேலூர் – ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு கோழி ஈரலை வேகவைத்து, மசித்துக் கொடுப்பது யாருக்கும் பாரமில்லை. கொஞ்சம் தயிர், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் துணை. கடையில் விற்கும் குஞ்சுத் தீனியில் வைட்டமின்கள் சேர்த்தே வருகின்றன. நாள்பட்ட மூட்டையை மலிவுக்கு வாங்கி ஏமாறாமல் இருந்தால் சரி. உட்கார்ந்துவிட்ட குஞ்சால் தட்டுக்கு வர முடியாது, ஆகவே தட்டு அதனிடம் போக வேண்டும். விரல் மடங்கத் தொடங்கிய ஓரிரு நாளில் கவனித்தால் மாற்றம் சீக்கிரமே தெரியும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நரம்பின் சேதம் நிலைத்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு வைட்டமின் கொடுத்தாலும் விரல் நிமிராது.

பக்கவாட்டில் ஒரு விரல் மட்டும் கோணியிருப்பது வேறு. அதற்கு அட்டையில் பாதம் அளவுக்கு வெட்டி இரண்டு மூன்று நாள் ஒட்டிவைத்தால் நேராகும். நேராகாவிட்டாலும் குஞ்சு நன்றாகவே வாழும்.

தோற்றத்தில் ஏமாற்றும் நோய்களும் உண்டு. கழுத்து திருகி, கால் இழுத்து, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தால் அது ஊனமல்ல; வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அந்தக் குஞ்சை மடியில் வைத்துச் சீராட்டிவிட்டு அதே கையோடு மற்றதைத் தொட்டால் கூட்டமே போய்விடும். இதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நமக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டையில், 1932 முதல் இருக்கிறது. ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தைத் தவறவிடுவதற்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சாக்கே கிடையாது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுப்பது மேரக்ஸ் நோய். அது பொதுவாக ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கோழிக்கு வரும். மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் விலகி, கால் முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் மாங்கனீசு குறைந்ததால் வருவது. இவை எதற்கும் மேலே சொன்ன டேப் மருந்தாகாது.

ஊனமுற்ற குஞ்சை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தாய்க்கோழி இரண்டாம் நாள் வாக்கில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். பின்தொடர முடியாதது பின்தங்கி, குளிரிலோ காக்கையிடமோ போகும். தாயைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பத்துக் குஞ்சை நடத்திப் போகிறவளால் ஒன்றுக்காக நிற்க முடியாது. நிற்க நம்மால் முடியும். கால் விரிந்ததைப் பிரித்து, 35 பாகை அளவுச் சூட்டில், துணைக்குச் சாதுவான இன்னொரு குஞ்சோடு வையுங்கள். தனியே விட்டால் கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும். கூட்டத்தில் விட்டால் மிதிபடும். மே மாத வேலூர் வெயிலில் பகலில் பல்பு வேண்டவே வேண்டாம். 40 பாகையைத் தாண்டும் மாடியில் பல்பும் எரிந்தால் குஞ்சு வெந்துவிடும். விரல் சுருண்டது மட்டும் தனி நோயாளி அல்ல. அதே தீனி தின்ற கூட்டம் முழுவதும் அதே பாதையில் இருக்கிறது, ஒன்று முந்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே மருந்தும் தீனி மாற்றமும் எல்லாக் குஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

பெரிய குஞ்சுப் பொரிப்பகங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தரம் பிரிக்கும் மேசையில் நிற்காத குஞ்சு கழிக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கில் பொரிக்கும் இடத்தில் ஒன்றுக்கு டேப் ஒட்ட ஆளும் நேரமும் இல்லை என்பது அவர்கள் பக்க நியாயம். அந்த நியாயத்தை இருபது முட்டை வைக்கும் வீடு கடன் வாங்க வேண்டியதில்லை. நமக்கு நேரம் உண்டு, ஒரு துண்டு டேப்பும் ஒரு முட்டையும் உண்டு. அதே சமயம், கட்டியும் ஊட்டியும் ஒரு வாரம் கடந்தபின் நிற்காமல், தின்னாமல், அடியில் புண்ணோடு கிடக்கும் குஞ்சை நம் மன ஆறுதலுக்காக இழுத்துப் பிடித்து வைப்பது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் விடை கொடுப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே.

இரண்டையும் ஒப்பிட்டு எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு குறைக்கும் வேர் ஒன்று: குஞ்சின் காலடியில் மண் இல்லாமல் போனது. பொரித்த முதல் நாளில் பிடி கொடுக்கும் தரை இல்லாததால் கால் விரிகிறது. இரண்டாம் வாரத்தில் கிளறித் தின்னத் தரை இல்லாததால் விரல் சுருள்கிறது. மண்ணில் மேய்ந்த குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் புல் நுனியும் குப்பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி வைட்டமின்களும் கேட்காமலே கிடைத்தன. பானையில் ஈரச் சாக்கும் சாணமும் அடைத்து, இரவில் புற்றருகே கவிழ்த்து வைத்து, காலையில் கறையான் பிடித்துக் குஞ்சுக்குப் போடுவது நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம். அதை இன்றும் கால்நடைத் துறையினர் பரிந்துரைக்கிறார்கள். மாடிக் கூண்டில் அந்த மண்ணை நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஆகவே மாடியில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டைக்குக் கீரையும் ஈரலும் நல்ல தீனியும் கொடுக்கத் தொடங்குங்கள். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தும்போதே இன்குபேட்டரின் அடியில் கிடக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சாக்கை விரியுங்கள். அதன் பிறகும் ஒரு குஞ்சு நிற்கவில்லை என்றால், டேப்பை வெட்டுவதற்கு முன் அதன் விரல்களை ஒரு முறை விரித்துப் பாருங்கள்.